முடி துறந்த இருவர்: வூ நாட்டுத் தாய்போவும் கல்கியின் அருள்மொழியும்

கல்கி இரா. கிருஷ்ணமூர்த்தி 1950 முதல் 1954 வரை தம் வார இதழில் தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்', 'தியாக சிகரம்' என்று பெயரிட்ட ஐந்தாம் பாகத்தில், முடிசூட்டு நாளன்று தனக்காகக் கொண்டுவரப்பட்ட மகுடத்தை இளவரசன் அருள்மொழிவர்மன் எடுத்து வேறொருவன் தலையில் வைக்கும் காட்சியில் தன் உச்சத்தைத் தொடுகிறது. எழுபது ஆண்டுகளாக இந்தப் பாத்திரம் தமிழ் வாசகர் மனத்தில் நிலைத்து நிற்பதற்கு அவன் வாளைக் காட்டிலும், கைக்கு வந்த நாட்டைக் கைவிட்ட அவன் செயலே காரணம். அவனுக்கு இணை தேடுவோர் வழக்கமாகப் பாதுகையைத் தலையில் சுமந்த பரதனிடம் போய் நிற்பர். பரதனைவிட நெருக்கமான ஓர் இணை சீனாவின் பழைய வரலாற்றில் இருக்கிறது. ஏறத்தாழ மூவாயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவராகச் சொல்லப்படும் வூ நாட்டு அரசர் தாய்போ என்பவரே அவர்.

கல்கியின் நாவலுக்கு இன்று தஞ்சையில் இருக்கும் அளவுக்கு இலண்டனிலும் உறவு உண்டு. மணி ரத்னம் இயக்கி 2022லும் 2023லும் இரு பாகங்களாக வெளிவந்த அதன் திரைவடிவத்தைத் தயாரித்தவற்றுள் ஒன்று, ஈழத்தமிழர் ஒருவர் இலண்டனில் நிறுவிய லைக்கா குழுமத்தின் படநிறுவனம். கிழக்கு இலண்டனில் தமிழர் செறிந்து வாழும் மனோர் பார்க், சர்ச் ரோட்டில் முருகனுக்குக் கோபுரம் எழுப்பிக்கொண்ட ஊர். அந்த ஊர்க்காரர் ஒருவர் எலிசபெத் லைன் ரயிலில் ஏறி டொட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால், தாய்போவின் குடும்பத்தாருக்குரிய மூவாயிரம் ஆண்டுப் பழமையான எழுத்துச் சான்று ஒன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது என்ன சொல்கிறது என்பது பின்னால் வரும். முதலில் தாய்போவின் கதை.

சீன வரலாற்றெழுத்தின் தந்தை எனப் போற்றப்படும் சீமா சியான், கி.மு. இரண்டாம், முதலாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர். அவர் எழுதிய 'ஷிஜி' என்னும் பெருநூல் சீனாவின் முதல் முழுமையான வரலாறு. அதில் சிற்றரசர் குடிகளைப் பற்றிய பகுதியை அவர் தாய்போவை வைத்தே தொடங்குகிறார். பின்னாளில் சீனா முழுவதையும் ஆளவிருந்த சௌ குடி, அப்போது மேற்கே ஒரு சிறு குடியாக இருந்தது. அதன் தலைவர் தான்ஃபுவுக்குத் தாய்போ, சோங்யோங், ஜி லி என மூன்று ஆண்மக்கள். கடைசி மகன் ஜி லிக்குச் சாங் என்றொரு பிள்ளை பிறந்தான். அந்தப் பேரனிடம் பேரரசனுக்குரிய இலக்கணங்களைக் கண்ட தான்ஃபு, குடித்தலைமை ஜி லியின் வழியாக அவனுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று உள்ளூர விரும்பினார். அந்த விருப்பத்தை அறிந்துகொண்ட மூத்தவர் இருவரும் தந்தை வாய்திறந்து கேட்கும் நிலைக்கு விடாமல் தாமாகவே நாட்டைவிட்டு வெளியேறி, யாங்சி ஆற்றுக்குத் தெற்கே, அக்காலச் சீனர் நாகரிகமற்றவர் என்று கருதிய மக்களிடையே போய்க் குடியேறினர். அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தாய்போவைத் தலைவராக ஏற்றன. இன்றைய ஜியாங்சூ மாநிலத்தின் வூசி நகரை ஒட்டிய பகுதியில் வூ அரசு தோன்றியது; அங்கே அவருக்கு இன்றும் கோயில் இருக்கிறது. அவர் பிள்ளையின்றி இறக்கவே தம்பி சோங்யோங் பட்டத்துக்கு வந்தார். வடக்கே விட்டுவந்த சாங், தான்ஃபு எதிர்பார்த்தபடியே வளர்ந்து, வென் மன்னர் என்ற பெயரில் சௌ பேரரசுக்கு அடித்தளம் இட்டார்.

தெற்கே போன தாய்போவும் தம்பியும் தலைமயிரை வெட்டிக்கொண்டு உடம்பில் பச்சை குத்திக்கொண்டார்கள் என்று ஷிஜி சொல்லும் செய்தியே இந்தக் கதையின் முதுகெலும்பு. பெற்றோர் தந்த உடலுக்கும் மயிருக்கும் ஊறு செய்யாதிருப்பது மகனுக்குரிய முதற்கடமை என்று கருதிய பண்பாட்டில், குடித்தலைவனாக நின்று முன்னோருக்குப் படையலிட வேண்டியவன் தன் மேனியை இப்படி மாற்றிக்கொண்டால், அவன் அந்தச் சடங்குக்கும், அந்தச் சடங்கோடு பிணைந்த அரசுக்கும் என்றைக்கும் ஆகாதவனாகிவிடுவான். தம்மை இனி அரசுக்குப் பயன்படுத்த முடியாது என்று காட்டுவதற்காகவே அவர்கள் அப்படிச் செய்தனர் என்று சீமா சியானும் காரணம் கூறுகிறார். வாயால் சொன்ன மறுப்பை நாளை மாற்றிக்கொள்ளலாம். தோலில் குத்திய பச்சையை அழிக்க வழியில்லை. சீமா சியானுக்கு முற்பட்ட 'ஸுவோ ஜுவான்' என்னும் வரலாற்று உரையோ, கி.மு. 488ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லுமிடத்தில், தாய்போ தெற்கிலும் சௌ குடியின் சடங்காடையை விடாமல் அணிந்திருந்ததாகவும், மயிர் வெட்டிப் பச்சை குத்திக்கொண்டவர் அவருக்குப் பின் வந்த சோங்யோங்கே என்றும் ஒருவர் கூற்றாகப் பதிவு செய்கிறது. இரண்டில் எது பழைய வடிவம் என்பதைவிட, பின்வந்த மரபு எதைத் தேர்ந்துகொண்டது என்பது கவனிக்கத்தக்கது. தன்னைத் தானே தகுதியிழக்கச் செய்துகொண்ட தாய்போவையே அது போற்றியது.

கன்ஃபூசியஸின் மொழிகளைத் தொகுத்த 'லுன்யூ' நூலின் எட்டாம் இயல் தாய்போவின் பெயராலேயே வழங்குகிறது. அதன் தொடக்கத்தில், மும்முறை உலகாளும் உரிமையை விட்டுக்கொடுத்தவர் என்றும், அதை மக்கள் அறிந்து புகழ்வதற்கும் இடம் வைக்காதவர் என்றும் அவரைக் கன்ஃபூசியஸ் அறத்தின் உச்சியில் வைக்கிறார். அந்த மூன்று முறை எவை என்று உரையாசிரியர்கள் நெடுங்காலம் ஆராய்ந்தனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் ஜெங் ஷுவான் தரும் விளக்கத்தின்படி, தந்தை நோயுற்றிருந்தபோது மூலிகை தேடுவதாகச் சொல்லித் தெற்கே போன தாய்போ, தந்தை இறந்தும் திரும்பாமல் ஈமக்கடனைச் செய்யும் இடத்தைத் தம்பிக்கு விட்டது முதல் துறப்பு. தம்பி ஆளனுப்பி அழைத்தும் துக்கத்துக்கு வராதது இரண்டாவது. துக்ககாலம் கழிந்தபின் மயிரையும் மேனியையும் மாற்றிக்கொண்டது மூன்றாவது. இந்த விளக்கத்தை ஊன்றிப் பார்த்தால் அதன் கடுமை விளங்கும். தந்தைக்கு ஈமக்கடன் செய்ய வராத மூத்த மகன் என்ற பழியைத் தாய்போ தம் தலையில் ஏற்றுக்கொள்கிறார். தம்பி பறித்துக்கொண்டான் என்று ஊர் பேசாமல், அண்ணன் தவறிப்போனான் என்று பேசும்படி நடந்துகொள்கிறார். முடியோடு நற்பெயரையும் சேர்த்தே அவர் துறந்தார் என்பதுதான் கன்ஃபூசியஸின் வியப்புக்குக் காரணமாக இருக்க வேண்டும்.

தமிழ் மரபில் தாய்போவுக்கு மிக அருகில் நிற்பவர் இளங்கோவடிகள். சிலப்பதிகாரத்தின் கடைசிக் காதையிலும் அதையொட்டிய உரைமரபிலும் வரும் செய்தியின்படி, சேரன் அவையில் நிமித்திகன் ஒருவன் இளையவனின் மேனியைப் பார்த்து, அரசு வீற்றிருக்கும் பொறி இவனுக்கு உண்டு என்று சொல்ல, மூத்தவன் செங்குட்டுவன் மனம் கலங்காதிருக்கும்பொருட்டு, இளையவன் அப்போதே துறவு பூண்டு குணவாயிற் கோட்டத்துக்குப் போய்விடுகிறான். சீனத்தில் மூத்தவர் இளையவனுக்காக விலகுகிறார், சேரநாட்டில் இளையவர் மூத்தவனுக்காக விலகுகிறார் என்ற மாற்றத்தை நீக்கிவிட்டால், இரண்டின் உள்ளமைப்பும் ஒன்றே. முடியைத் துறந்த இளவரசன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அரண்மனையிலேயே இருந்தால், அவன் இருப்பே ஆள்பவனுக்கு அச்சமாகவும், அதிருப்தி கொண்டவர்களுக்குக் கொடியாகவும் ஆகிவிடும். ஆகவே அவன் திரும்ப முடியாத ஒரு வாசலைத் தாண்டிப் போக வேண்டும். ஒருவருக்கு அது பச்சை குத்திய தோல், மற்றவருக்குத் துறவாடை. மனோர் பார்க்கில் குடிகொண்ட முருகனும் கனி கிடைக்காமல் வீட்டைவிட்டு மலையேறிய இளையவன்தான் என்றாலும், அது சினத்தால் நேர்ந்த பிரிவு. இங்கே பேசப்படும் விலகலில் சினமே இருக்கக் கூடாது.

கல்கியின் அருள்மொழி இந்த இடத்தில்தான் தாய்போவிடமிருந்து பிரிகிறான். தாய்போவின் வழி அவனுக்கு ஒருமுறை அப்படியே திறந்துவிடப்படுகிறது. 'சுழற்காற்று' என்னும் இரண்டாம் பாகத்தில், படைத்தலைவனாக ஈழத்தில் இருக்கும் அவனை அநுராதபுரத்துப் பிக்குகள் இரவில் மறைவாக அழைத்துச் சென்று, இலங்கையின் அரியணையையும் மகுடத்தையும் காட்டி, ஏற்றுக்கொள்ள வேண்டுகின்றனர். தஞ்சையில் தந்தை நோயில் கிடக்க, அண்ணன் பட்டத்து உரிமையோடு இருக்க, சிற்றப்பன் முறையினன் அதே பட்டத்துக்கு ஏங்க, இவற்றிலிருந்தெல்லாம் விலகித் தெற்கே கடலுக்கு அப்பால் வேற்று மக்கள் விரும்பித் தரும் நாட்டை ஆளலாம். தாய்போ ஏற்றுக்கொண்ட வாய்ப்பு இதுவேதான். அருள்மொழி அதை மறுக்கிறான். அயல்நாட்டு முடியை ஏற்பது சோழநாட்டுச் சிக்கலிலிருந்து தப்பிப்பதாகும் என்பதை நாவல் வெளிப்படையாக வாதிடவில்லை என்றாலும், கதையின் போக்கு அதை உணர்த்திவிடுகிறது. வரலாற்று அருள்மொழியோ, முதலாம் இராஜராஜனாக முடிசூடியபின், ஈழத்தின் மீது படையெடுத்து வடபகுதியைக் கைப்பற்றினான். அநுராதபுரம் அழிந்து, பொலன்னறுவை சனநாதமங்கலம் என்ற பெயரோடு சோழர் தலைநகரானது. புனைவில் வந்தவன் வேண்டாம் என்ற நாட்டை வரலாற்றில் வந்தவன் போரிட்டு எடுத்துக்கொண்டான் என்பதை ஈழத்து வாசகர் மறக்க முடியாது, மறக்கவும் தேவையில்லை. இந்தக் கட்டுரை தாய்போவுக்கு இணைவைப்பது நாவலின் பாத்திரத்தைத்தான்; இராஜராஜனை அல்ல.

முடிசூட்டுக் காட்சியில் கல்கி செய்திருக்கும் ஏற்பாடு நுட்பமானது. நாவல் முழுவதும் பட்டத்துக்கு ஆசைப்பட்டு, சிற்றரசர்களான பழுவேட்டரையர்களின் சதிக்கு நடுப்பொருளாக இருந்த அந்தச் சிற்றப்பன் முறையினன் மதுராந்தகன், உண்மையில் அவன் தாயாகக் கருதப்பட்ட செம்பியன் மாதேவியின் வயிற்றுப் பிள்ளையே அல்லன் என்பதும், பிறந்த அன்றே மாறிப்போன உண்மையான பிள்ளை, பூத்தொடுத்துக் கோயிலுக்குக் கொடுத்துவந்த சேந்தன் அமுதன் என்பதும் கடைசியில் வெளியாகின்றன. அருள்மொழி மகுடம் சூட்டுவது இந்த அமுதனுக்கு. ஆசைப்பட்டவனையும் முடிசூடியவனையும் இப்படி இருவேறு ஆட்களாகப் பிரித்ததால், அருள்மொழியின் துறப்பு பேராசைக்கு அடிபணிந்ததாக ஆகாமல், எதையும் கேட்காத ஒருவனுக்குத் தரப்பட்ட கொடையாக உயர்கிறது. தாய்போவின் கதையில் ஜி லியும் அரசைக் கேட்டவராகச் சொல்லப்படவில்லை. ஆனால் தாய்போ ஊருக்குத் தெரியாமல் போகிறார். அருள்மொழி, சிற்றரசர்களும் மக்களும் நிறைந்த முடிசூட்டு மண்டபத்தில், எல்லோர் கண்ணும் தன்மேல் இருக்கும்போது மகுடத்தை எடுக்கிறான். கன்ஃபூசியஸ் போற்றிய மறைவு அவனிடம் இல்லை. முடியாட்சியின் காலம் கழிந்து, குடியரசு அமைந்த 1950ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய கல்கிக்கு, அரசை விட்டுக்கொடுப்பது குடும்பத்துக்குள் மறைவாக முடித்துக்கொள்ளும் செய்தியாக இல்லாமல் மக்கள் முன் நிகழும் செயலாக இருக்க வேண்டும் என்று தோன்றியிருக்கலாம். இது ஊகமே என்றாலும், நாவலின் தொனி அதற்கு இடங்கொடுக்கிறது.

கல்கி இந்தக் காட்சியை வெறுங் கற்பனையில் கட்டவில்லை. அதற்கு மூலம் திருவாலங்காட்டுச் செப்பேடுகள். செப்பேடு என்பது அரசர் அளித்த நிலக்கொடை முதலியவற்றைச் செம்புத் தகடுகளில் பொறித்து வளையத்தில் கோத்து, முத்திரையிட்டு வழங்கும் ஆவணம். கொடையைச் சொல்லும் முன் அரசனின் முன்னோர் வரலாற்றைப் பாடுவது வழக்கம். இராஜராஜனின் மகன் முதலாம் இராஜேந்திரன் காலத்தில் எழுதப்பட்டு 1905இல் கிடைத்த இந்த 31 ஏடுகளில், வடமொழிப் பகுதி ஒரு முக்கியச் செய்தியைத் தருகிறது. அண்ணன் ஆதித்த கரிகாலன் மறைந்தபின் குடிமக்கள் அருள்மொழியை அரசனாகும்படி வேண்டினர் என்றும், தன் சிற்றப்பனுக்கு நாட்டின்மேல் விருப்பம் இருக்கும்வரை அவன் அதை மனத்தாலும் விரும்பவில்லை என்றும், அவன் மேனியில் இருந்த குறிகளைக் கண்டு திருமாலே என்று தெளிந்த மதுராந்தகன், அதாவது உத்தம சோழன், அவனுக்கு இளவரசுப் பட்டம் கட்டிவிட்டுத் தான் நாட்டை ஆண்டான் என்றும் அது கூறுகிறது. மேனியின் குறிகள் இங்கே மூன்றாம் முறையாக வருகின்றன. இளங்கோ தன் பொறியைத் துறவாடையால் மறைத்தார்; தாய்போ தன் உடலில் மாறான குறிகளைத் தானே குத்திக்கொண்டார்; அருள்மொழியின் குறிகளோ அவனுக்கு உரிமைச்சீட்டாகின்றன. கல்கியும் தன் நாயகனின் உள்ளங்கையில் சங்கு சக்கர ரேகைகளை வைத்தார். ஆகவே செப்பேட்டில் உள்ளதைத் துறப்பு என்பதைவிட ஒத்திவைப்பு என்பதே சரி. அடுத்த முறை தனக்கு என்ற உறுதியைப் பெற்றுக்கொண்டு காத்திருந்தவனை அது காட்டுகிறது. ஏறத்தாழ 970 முதல் 985 வரை உத்தம சோழன் ஆண்டான். அதன்பின் அருள்மொழி இராஜராஜனானான்.

அந்தப் பதினைந்து ஆண்டுகளின் மேல் ஒரு நிழல் படிந்திருக்கிறது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில், இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டொன்று, கரிகால சோழனைக் கொன்ற துரோகிகளான ரவிதாசன் முதலியோரின் உறவினர் நிலங்களைப் பற்றிப் பேசுகிறது. கொலைக்குப் பின் இத்தனை ஆண்டுகள் உத்தம சோழன் குற்றவாளிகளைத் தண்டிக்காதிருந்தது ஏன் என்று கேட்ட வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார், அவனுக்கும் கொலையில் பங்கிருந்திருக்கலாம் என ஐயுற்றார், தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அந்த ஐயத்தை ஏற்கவில்லை. சாஸ்திரியாரின் ஐயம் சரியென்றால், செப்பேடு காட்டும் பெருந்தன்மை வேறு முகம் கொள்கிறது: அண்ணனைக் கொன்றவர்களின் கை ஓங்கியிருந்த வேளையில் பின்வாங்கிய இளைஞனின் எச்சரிக்கையாக அது மாறிவிடும். கல்கி பிள்ளை மாற்றக் கதையால் உத்தம சோழனை அந்தக் கறையிலிருந்து முழுவதுமாக விடுவித்துவிட்டார். மணி ரத்னத்தின் திரைவடிவமோ அந்த மாற்றக் கதையை விட்டுவிட்டு, ஆசைப்பட்ட மதுராந்தகனுக்கே அருள்மொழி முடிசூட்டுவதாக முடித்தது. நாவலை விரும்புவோர் பலருக்கு அது குறையாகத் தோன்றியது. ஆயினும் அது செப்பேட்டின் பக்கம் திரும்பிய முடிவு என்பதையும், கேட்டவனுக்குக் கொடுப்பது கேட்காதவனுக்குக் கொடுப்பதைவிடக் கடினம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இத்தகைய கதைகளை யார், எந்தக் காலத்தில், எதற்காகச் சொன்னார்கள் என்ற கேள்வி இரண்டு நாடுகளுக்கும் பொது. செப்பேட்டைப் பொறித்தது இராஜராஜனுடைய மகனின் அரசவை; தந்தை பட்டத்துக்கு வந்த வழி குற்றமற்றது என்று காட்டுவது அதற்குத் தேவையாக இருந்தது. சீமா சியான் எழுதியது தாய்போவுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின். மூத்தவர் இருவர் இருக்க இளையவனின் வழி எப்படி அரசாண்டது என்பதற்குச் சௌ குடிக்கு ஒரு மதிப்பான விளக்கம் வேண்டியிருந்தது. தாய்போவின் கதை அதைத் தந்தது. தெற்கத்தி வூ அரசருக்கும் அது பயன்பட்டது. கி.மு. 482இல் ஹுவாங்சி என்னுமிடத்தில் கூடிய அரசர் அவையில், தலைமை யாருக்கு என்று ஜின் நாட்டோடு வழக்கெழுந்தபோது, சௌ குடும்பத்தில் மூத்த கிளை தங்களுடையதே என்று வூ அரசன் வாதிட்டான். முதல்வர் விட்டுக்கொடுத்த மூப்புரிமை, அறுநூறு ஆண்டுகளுக்குப் பின் அவர் தம்பியின் வழிவந்தவனின் வாயில் அதிகாரம் கேட்கும் காரணமாகிவிட்டது. தாய்போ என்ற வடக்கத்தியர் வூ நாட்டை நிறுவியது வரலாற்று உண்மையா, தெற்கத்தி அரசர்கள் பின்னால் சேர்த்துக்கொண்ட குலப்பெருமையா என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒன்றுபடவில்லை.

பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கும் வெண்கலப் பாத்திரம் இந்தப் பின்னணியில்தான் பொருள் பெறுகிறது. முன்னோர் படையலில் சோறு வைக்கும் இந்த வகைப் பாத்திரத்தைச் சீனர் 'குய்' என்பர். விலங்குத் தலைகள் பொருந்திய இரு கைப்பிடிகளோடு கி.மு. பதினொன்றாம் நூற்றாண்டில் வார்க்கப்பட்ட இது, உட்புறம் பொறித்த வாசகத்தால் 'காங் பிரபுவின் குய்' எனப்படுகிறது. சௌ மன்னர், தம் குடிக்கு முன் ஆண்ட ஷாங் குடியின் நகரைத் தாக்கியதையும், காங் பிரபுவை வெய் என்னும் இடத்தில் நிலைநிறுத்தியதையும், அந்தப் பணியில் பங்கேற்ற அதிகாரி ஒருவர் தம் இறந்த தந்தைக்காக இதைச் செய்வித்ததையும் அந்த வாசகம் சொல்கிறது. காங் பிரபு வென் மன்னரின் மகன். ஜி லியின் பேரன். ஆகவே தாய்போவுக்குத் தம்பியின் பேரன் முறை. அந்தப் போர் மூண்டதும் பட்டத்துச் சிக்கலால்தான். ஷாங் குடியை வென்று சௌ பேரரசை நிறுவிய வூ மன்னர் (பெயர் ஒத்தாலும் தெற்கத்தி வூ நாட்டுக்கு உரியவர் அல்லர்) இறந்தபோது அவர் மகன் இளையவனாக இருந்ததால், சிற்றப்பனான சௌ கோமகன் ஆட்சியை நடத்த, அவர் முடியைப் பறித்துக்கொள்வார் என்று ஐயுற்ற மற்றச் சிற்றப்பன்மார் தோற்றுப்போன ஷாங் குடியினரோடு சேர்ந்து கலகம் செய்தனர். கலகம் அடங்கியபின் சௌ கோமகன் தாம் ஏழு ஆண்டு நடத்திய ஆட்சியை அண்ணன் மகனிடமே திரும்ப ஒப்படைத்தார். தம்பிமாரையும் உறவினரையும் தலைநகரிலிருந்து தொலைவில் எல்லைப்புற நாடுகளுக்கு அதிபராக்கி அனுப்பும் ஏற்பாடு, அந்தக் காலத்தில்தான் சௌ ஆட்சியின் அடிப்படையாக வேரூன்றியது. தாய்போ தன் விருப்பத்தால் செய்த விலகலை அரசமைப்பே கட்டாயமாக்கியதைப் போன்றது அது. அந்த ஏற்பாட்டின் நேர்ச்சான்று ஒன்று மனோர் பார்க்கிலிருந்து ஒரு ரயில் பயணத் தொலைவில் இருக்கிறது.

துறப்பு எப்போதும் நன்மையில் முடியும் என்று நினைப்பவர் தாய்போவின் தம்பி வழிவந்த ஜி ஜாவின் கதையையும் படிக்க வேண்டும். கி.மு. 561இல் இறந்த வூ நாட்டு மன்னர் ஷோமெங்குக்கு நான்கு மக்கள். கடைசி மகன் ஜி ஜாவே சிறந்தவன் என்று தந்தை அவனுக்கு முடிசூட்ட விரும்பினார், அவன் மறுத்தான். எப்படியாவது அவனிடம் அரசைச் சேர்க்க வேண்டும் என்று அண்ணன்மார் மூவரும் ஒருவர் பின் ஒருவராக ஆள்வதென்றும், கடைசியில் அவன் முறை வரும் என்றும் உடன்பாடு செய்துகொண்டனர். முறை வந்தபோது ஜி ஜா மீண்டும் மறுத்து விலகினான். உடனே மூன்றாம் அண்ணனின் மகன் லியாவ் பட்டத்தில் அமர, சிற்றப்பன் ஏற்காவிட்டால் மூத்தவர் மகனான தனக்கே உரிமை என்று கருதிய குவாங், கி.மு. 515இல் விருந்துக்கு அழைத்து, சமைத்த மீனுக்குள் குத்துவாளை மறைத்து வைத்து லியாவைக் கொல்வித்தான். அந்தக் குவாங் ஹெலு என்ற பெயரோடு ஆண்டான், கி.மு. 473இல் வூ அரசே யுவே நாட்டால் அழிந்தது. தாய்போவையும் ஜி ஜாவையும் மரபு ஒரே தட்டில் வைத்துப் புகழ்ந்தாலும், இருவரின் செயலும் ஒன்றல்ல. தாய்போ விலகியபோது அரசு யாருக்குப் போகும் என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக இருந்தது. ஜி ஜா விலகியபோது அது தெளிவாக இல்லை. தன் கைகளைத் தூய்மையாக வைத்துக்கொள்ள விரும்பிய ஒருவரின் மறுப்பு மற்றவர்களுக்கிடையே வாளைப் போட்டுவிட்டது. கல்கியின் அருள்மொழி மண்டபத்திலேயே நின்று தன் கையாலேயே அடுத்தவனுக்குச் சூட்டிவிடுவதன் அருமை இங்கே விளங்கும். வெற்று அரியணையை அவன் விட்டுச் செல்லவில்லை.

உத்தம சோழன் ஆண்டுகொண்டிருந்த அதே காலத்தில் சீனாவிலும் சிற்றப்பன் ஒருவர் பட்டத்துக்கு வந்தார். சோங் பேரரசை நிறுவிய தாய்சு 976இல் திடீரென இறக்க, வளர்ந்த மக்கள் இருந்தும் தம்பி தாய்சோங் முடிசூடினார். அந்த இரவு என்ன நடந்தது என்ற ஐயம் சீன வரலாற்றில் இன்றளவும் தீரவில்லை. 979இல், சிற்றப்பன் கடிந்து பேசியதும், அண்ணன் மகன் தெஜாவ் தற்கொலை செய்துகொண்டான். இன்னொரு மகன் 981இல் இறந்தான். தாய்சோங்கின் சொந்தத் தம்பியும் தலைநகரிலிருந்து அகற்றப்பட்டு 984இல் இறந்தார். அடுத்த ஆண்டு தஞ்சையில் அருள்மொழி அமைதியாகப் பட்டத்துக்கு வந்தான். உத்தம சோழனின் தாய் செம்பியன் மாதேவி அருள்மொழியின் ஆட்சியிலும் மதிப்போடு வாழ்ந்து கோயில்களுக்குக் கொடை அளித்தார். உத்தம சோழனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் கோயில் நிருவாகத்தை ஆராயும் உயர் அதிகாரியாகப் பணியாற்றியதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. முடிக்கு உரிமை கொண்டாடியிருக்கக்கூடிய ஒருவன் அச்சமின்றி நாட்டுக்குள்ளேயே பொறுப்பான பதவியில் இருந்திருக்கிறான். ஒத்திவைப்பே என்றாலும் அந்த உடன்பாட்டை இரு பக்கமும் காத்தன என்பதற்குச் செப்பேட்டின் புகழுரையைவிட இந்த நிருவாகக் குறிப்புகளே வலுவான சான்று. தாய்சோங்கின் மகன் ஜென்சோங் ஆண்டபோது, 1015இல், இராஜராஜன் அனுப்பிய தூதுக்குழு முத்துகளோடு சீன அரசவையை அடைந்தது. அவர்கள் புறப்பட்டதிலிருந்து குவாங்ஜோ துறைமுகத்தை அடைய 1,150 நாள் ஆனதாகச் சோங் வரலாறு குறிக்கிறது. அதற்குள் இராஜராஜன் இறந்துவிட்டான். தாய்போவின் கதையைப் பள்ளிப் பருவத்திலேயே படித்து வளர்ந்த அந்த அவையின் எழுத்தர்கள், சோழ அரசனின் பெயரைச் சீன எழுத்தில் ஒலிபெயர்த்து, அவன் நாட்டின் தொலைவையும் வந்த பொருள்களையும் பதிவு செய்தனர். அவன் எப்படிப் பட்டத்துக்கு வந்தான் என்பதைப் பற்றி அந்தப் பதிவில் ஒன்றும் இல்லை.